பதினாலாயிரத்து முந்நூற்று இருபது

காவேரிப்பட்டணம் தாண்டி மாங்கூழ் ஆலையின் எடைமேடை.
இரவு இரண்டு நாற்பது.
பெங்களூரா ஏற்றிய லாரிகள்
நெடுஞ்சாலை வரைக்கும் வால் நீட்டி நிற்க,
உள்ளே பிரிண்டர்
வந்த வண்டிக்கெல்லாம் ஒரே எடையை அடிக்கிறது:
பதினாலாயிரத்து முந்நூற்று இருபது கிலோ.

மூன்று ஓட்டுநர்கள் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துப் போய்விட்டார்கள்.
பழம் இறக்கிவிட்டுக் காலி வண்டியோடு
திரும்ப மேடையேறிய மாதப்பன்தான்
சீட்டை விளக்கில் பிடித்துப் பார்த்து,
"அப்போ நான் எறக்குனது காத்தா?" என்றாராம்.
நூருல்லா எனக்குப் போன் போட்டார்.
கிருஷ்ணகிரியிலிருந்து ஸ்கூட்டரில் வந்தேன்,
தலைவாராமல்.

எடை மென்பொருள் பழசு.
எழுதிய கம்பெனி இல்லை,
அது ஓடத் தெரிந்த கணினியும் இல்லை.
போன வருஷம் புதுப் பெட்டிக்குள் ஒரு பொய்ப் பெட்டி கட்டி
அதைக் குடிவைத்தவள் நான்.
அதற்கு இது தெரியாது.
தன் முதுகில் நிஜமாகவே கேபிள் சொருகியிருப்பதாக,
கேபிளின் மறுமுனையில் மேடை கிடப்பதாக
நம்பி உட்கார்ந்திருக்கிறது.

நடுவில் இருப்பது ஒரு சின்ன உதவி நிரல்.
'தூக்கு' என்று பேர் வைத்தேன்.
மேடையிடம் எண்ணை வாங்கி
சாக்கெட் வழியே உள்ளே நீட்டும்.
வேறு வேலை கிடையாது.
சம்பளம், மூன்று எம்பி நினைவகம்.

லாகைத் திறந்தேன்.
ஒன்று பன்னிரண்டுக்குக் கரண்ட் ஒரு சிமிட்டு சிமிட்டியிருக்கிறது.
பழம் அரைக்கும் மோட்டாருக்கு ஜெனரேட்டர்,
கணினிக்கு யூபிஎஸ்,
மேடைக்காரனுக்கு மட்டும் ஒன்றுமில்லை.
மாதப்பனின் முழு எடையை ஒருமுறை சொன்னவன்
மறுமுறை சொல்லும்போது
பாதி எண்ணில் வாயடைத்துப் போனான்.
கடைசி வரி: 143
அந்தப் பாதியை விழுங்க முடியாமல் தூக்கு செத்திருக்கிறது.

செத்தும் பிராசஸ் பட்டியலில் இருக்கிறது,
பக்கத்தில் ஜாம்பி என்ற குறிப்போடு.
பெற்ற நிரல் வந்து பார்த்துக் கையெழுத்துப் போடும்வரை
பேரை அடிக்கமாட்டார்கள்,
ரேஷன் கார்டு கணக்குதான்.
சாக்கெட் கோப்பும் அதே இடத்தில்.
ஆளில்லாத வீட்டுக்குப் பூட்டாத கதவு.

உள்ளே இருப்பதோ ஒன்றரை மணி நேரமாய்ச் சந்தேகமே படவில்லை.
படாதபடி பார்த்துக்கொண்டது என் விதி:
புதிதாக எதுவும் வராவிட்டால்
கடைசியாக வந்ததையே திரும்பக் கொடு.
எழுதிய அன்று
எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகப் பட்டது!

கண்ணெரிச்சலுக்கு வெளியே வந்தேன்.
ஒரு லாரி பின்னோக்கி வந்துகொண்டிருந்தது.
ஓட்டுநருக்குப் பின்பக்கம் தெரியாது.
கிளீனர் பையன் பக்கத் தகரத்தில் தட்டுகிறான்,
வா வா வா,
தட் தட் தட்.
மிதிபட்ட பழத்தில் கால் வழுக்கி
அவன் கை ஒரு கணம் விட்டுப்போனது.
லாரி நின்றது.
யாரும் நில் என்று சொல்லவில்லை.
எழுந்து லுங்கியில் கையைத் துடைத்துக்கொண்டு
மறுபடி தட்டினான்.
நகர்ந்தது.

உள்ளே போய் என் விதியை அழித்தேன்.
இனி நொடிக்கொரு தரம் தூக்கு தட்ட வேண்டும்,
மேடையில் வண்டி இல்லாவிட்டாலும்.
இருக்கேன், இருக்கேன்.
மூன்று தட்டு விட்டுப்போனால்
திரையில் வெறும் கோடு.
சீட்டு வராது.
வசவு வரும், வரட்டும்.

மாதப்பன் மேடையேறினார்.
ஐயாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது.
மறுபடியும் விளக்கில் பிடித்துப் பார்த்தார்.
நம்பினாரா, தெரியவில்லை.

அந்த மூன்று வண்டிப் பழமும்
அதற்குள் கழுவும் தொட்டியில் மிதந்துகொண்டிருந்தது,
யாருடையது எதுவென்று பிரியாமல்.
நூருல்லா நோட்டைத் திறந்து
பென்சிலால் மூன்று கேள்விக்குறி போட்டார்.
பிறகு என்னைப் பார்த்தார்.